கணினி கேள்வி–பதில்: கோப்புறையில் மாற்றம் நிகழ்ந்ததை நிரல் எப்படி அறிகிறது?

கோப்புகளிலும் கோப்புறைகளிலும் ஏற்படும் மாற்றங்களை நிரலின் வழியே கண்காணிப்பது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: ஸ்கேனர் ஒரு கோப்புறையில் போடும் பிடிஎஃப் கோப்புகளை எடுத்து, பெயர் மாற்றி, உரிய இடத்தில் சேர்க்கும் பைத்தான் நிரல் ஒன்றை எங்கள் அலுவலகத்துக்காக எழுதியிருக்கிறேன். ஐந்து விநாடிக்கு ஒருமுறை அது கோப்புறையைத் திறந்து பார்க்கிறது. இது பழைய முறை, இயங்குதளமே தகவல் சொல்லும் வழி இருக்கிறது என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? – ஈரோடு வாசகர்

பதில்: ஒரே கோப்புறை, அதில் சில நூறு கோப்புகள், ஐந்து விநாடி தாமதத்தால் யாருக்கும் நட்டமில்லை என்றால் மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் இந்த முறையைப் போலிங் என்பார்கள். கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் ஒப்பிடுவதுதான் அதன் மொத்த வேலை என்பதால், அது எல்லா இயங்குதளத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸ்ஸில் உள்ள வாட்ச்ஃபைல் என்ற செயற்கூறும் இதையேதான் செய்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 5007 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பார்க்கும்.

ஆனால் கோப்புறைக்குள் கோப்புறையாக இலட்சக்கணக்கான கோப்புகள் உள்ள இடத்தில் ஒவ்வொரு சுற்றும் வட்டைப் போட்டு வாட்டும். இரண்டு சுற்றுகளுக்கு இடையே உருவாகி அழிந்துபோன கோப்பு நிரலின் கண்ணில் படவே படாது. பெயர் மாற்றம்கூட, ஒன்று அழிந்து வேறொன்று பிறந்ததாகவே தெரியும். ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் திருத்த நேரம் 2 விநாடித் துல்லியத்தில்தான் பதிவாகிறது. ஆகவே அளவு மாறாமல் அடுத்தடுத்து நடந்த இரண்டு திருத்தங்களை நேரத்தை வைத்துப் பிரித்தறிய முடியாமல் போகலாம்.

உங்கள் நண்பர் குறிப்பிடும் வழி இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடும். லினக்ஸில் 2.4 கர்னலோடு (கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்த டிநோட்டிஃபை, கண்காணிக்கும் கோப்புறை ஒவ்வொன்றையும் நிரல் திறந்தே வைத்திருக்கக் கோரியது. அதனால் வெளி வட்டு ஒன்றைக் கண்காணித்தால் அதை அன்மவுண்ட் செய்து கழற்றக்கூட முடியாத நிலை இருந்தது. அதற்கு மாற்றாக ஜான் மெக்கட்சனும் ராபர்ட் லவ்வும் எழுதிய ஐநோட்டிஃபை, 2005 ஆகஸ்டில் 2.6.13 கர்னலில் சேர்ந்தது. விண்டோஸில் ரீட்-டைரக்டரி-சேஞ்சஸ் என்ற அழைப்பு இருக்கிறது. டாட்நெட்டின் ஃபைல்-சிஸ்டம்-வாட்ச்சர் அதன்மேல் கட்டப்பட்டதுதான். மேக்கில் 2007இல் லெப்பர்ட் பதிப்போடு எஃப்எஸ்-ஈவண்ட்ஸ் வந்தது. பைத்தானில் வாட்ச்டாக் என்ற நூலகம் இம்மூன்றையும் ஒரே முகப்பில் தருகிறது. மாற்றுவதானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களிடம் இப்போதுள்ள சுற்றுப் பார்வையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது ஏன் என்பதைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் காணலாம்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் பதிவேற்றும் படங்களைச் சிறிதாக்கும் நிரல் என்னுடையது. கோப்பு உருவானதும் செய்தி வருகிறது. ஆனால் திறந்தால் பாதிப் படம்தான் இருக்கிறது. சில நேரம் ஒரே படத்துக்கு நான்கைந்து செய்திகளும் வருகின்றன. – சேலம் வாசகர்

பதில்: யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. "கோப்பு உருவானது" என்ற செய்தி, அந்தப் பெயர் கோப்புறையில் பதிவான கணத்திலேயே புறப்பட்டுவிடுகிறது. உள்ளடக்கம் அதன் பிறகுதான் துண்டு துண்டாக வந்து சேர்கிறது. ஒவ்வொரு துண்டும் எழுதப்படும்போது "மாறியது" என்று ஒரு செய்தி வருவதால்தான் ஒரே படத்துக்குப் பல செய்திகள். அதில் பிழை ஒன்றும் இல்லை.

லினக்ஸில், எழுதுவதற்காகத் திறக்கப்பட்ட கோப்பு மூடப்பட்டது என்பதற்கு குளோஸ்-ரைட் என்ற தனிச் செய்தி உண்டு. உருவானதற்கும் மாறியதற்கும் வரும் செய்திகளை விட்டுவிட்டு இதற்கு மட்டும் காத்திருந்தால் பெரும்பாலான தொல்லை தீர்ந்துவிடும். விண்டோஸில் இதற்கு நேர் இணையான செய்தி இல்லை. அங்கே கோப்பை வேறு எந்த நிரலும் அணுகாதபடி தனக்கே உரியதாகத் திறக்க முயன்று, வேறொரு நிரல் அதை வைத்திருக்கிறது என்ற பிழை வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடியும் முயல்வதே நடைமுறை. அளவு சில விநாடிகள் மாறாமல் இருந்தால் முடிந்துவிட்டது என்று கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆனால் இணைப்பு இடையில் தொங்கிப்போன பதிவேற்றத்திலும் அளவு மாறாமல்தான் இருக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

எழுதும் நிரலும் உங்கள் கையில் இருந்தால் இவ்வளவு யூகமும் தேவையில்லை. படத்தைத் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, மூடி, அதன் பிறகு உரிய பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் நடக்கும் பெயர் மாற்றம் பிளவுபடாத செயல். ஆகவே அந்தப் பெயரில் நீங்கள் காணும் கோப்பு எப்போதும் முழுமையாகவே இருக்கும். கண்காணிப்பவர் "உள்ளே நகர்ந்து வந்தது" என்ற செய்தியை மட்டும் கவனித்தால் போதும்.

சிறிதாக்கிய படத்தை அதே கோப்புறையில் எழுதுகிறீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. எழுதினால் நிரல் தன் படத்தைத் தானே கண்டு, அதையும் சிறிதாக்கி, முடிவில்லாமல் சுற்றும். வெளியீட்டுக்கு வேறு கோப்புறை வைத்துவிடுங்கள்.

கேள்வி: அமைப்புக் கோப்பு மாறினால் உடனே அதைப் புதிதாகப் படிக்கும்படி என் சேவை நிரலை எழுதியிருக்கிறேன். லினக்ஸ் சர்வரில் விம் என்ற எடிட்டர் கொண்டு முதல்முறை திருத்தினால் வேலை செய்கிறது. இரண்டாம் முறை திருத்தினால் நிரல் வாயே திறப்பதில்லை. எக்கோ கட்டளையால் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தால் எத்தனை முறையானாலும் சரியாக இருக்கிறது. – பெயரில்லாமல் எழுதிய வாசகர்

பதில்: எக்கோவையும் சோதித்துப் பார்த்திருப்பதால் பாதி விடையை நீங்களே கண்டுவிட்டீர்கள். எக்கோ இருக்கிற கோப்பிலேயே எழுதுகிறது. விம் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. கோப்புறையை ஐநோட்டிஃபை-வெயிட் கட்டளையால் கண்காணித்துக்கொண்டே விம்மில் சேமித்துப் பாருங்கள். முதலில் 4913 என்ற விசித்திரமான பெயரில் ஒரு காலிக் கோப்பு தோன்றி உடனே மறையும். கோப்புறையில் எழுத அனுமதி உண்டா என்று விம் சோதித்துப் பார்ப்பது அது. அடுத்து உங்கள் அமைப்புக் கோப்பு, பெயரின் கடைசியில் ஒரு அலைக்குறி சேர்ந்த காப்புப் பிரதியாகப் பெயர் மாறும். பழைய பெயரில் புத்தம்புதிய கோப்பு ஒன்று உருவாகி, எழுதப்பட்டு, மூடப்படும். முடிவில் அலைக்குறிக் கோப்பு அழிக்கப்படும்.

ஐநோட்டிஃபை கண்காணிப்பது பெயரை அன்று. அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள ஐநோடைத்தான், அதாவது கோப்பு முறைமை அந்தக் கோப்புக்கென வைத்திருக்கும் உள் பதிவைத்தான். நீங்கள் கண்காணித்த ஐநோட் அலைக்குறியோடு போய் அழிந்துவிட்டது. அது அழிந்தபோது வந்த செய்தியைத்தான் உங்கள் நிரல் முதல் திருத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இனி அந்தக் கண்காணிப்பு இல்லை என்று சொல்லும் இக்னோர்ட் என்ற செய்தியும் கூடவே வந்திருக்கும். பெரும்பாலானோர் அதைப் படிப்பதில்லை. புதிய கோப்பைக் கண்காணிக்க யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கோப்பைக் கண்காணிக்காமல், அது இருக்கும் கோப்புறையைக் கண்காணித்து, வரும் செய்திகளில் உங்கள் கோப்பின் பெயர் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுங்கள். மூடப்பட்ட செய்தி, உள்ளே நகர்ந்து வந்த செய்தி என்ற இரண்டையும் ஏற்றுக்கொண்டால், விம் முறையில் சேமிக்கும் எடிட்டர்களும் தற்காலிகப் பெயரில் எழுதிப் பின் மாற்றும் எடிட்டர்களும் அடங்கிவிடும். லாக் கோப்புகளைச் சுழற்சி முறையில் பெயர் மாற்றும் சர்வர்களில் டெயில் கட்டளைக்குச் சிறிய எஃப்புக்குப் பதிலாகப் பெரிய எஃப் கொடுப்பதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: உபுண்டுவில் ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் ஒன்றைத் தொடங்கினால் "வட்டில் இடமில்லை" என்ற பொருளில் பிழை வருகிறது. வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. – திருச்சி மாணவி

பதில்: வட்டில் எந்தக் குறையும் இல்லை. ஐநோட்டிஃபை துணைக் கோப்புறைகளைத் தானாகக் கண்காணிப்பதில்லை; ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனியாக ஒரு கண்காணிப்பு இட வேண்டும். ஒரு பயனருக்கு இத்தனை என்று அதற்கு வரம்பு உண்டு. அது தீர்ந்துபோனால் தருவதற்குக் கர்னல் தேர்ந்தெடுத்த பிழை எண், வட்டு நிரம்பினால் வரும் அதே எண். அந்தத் தேர்வு எத்தனை பேரைக் கோப்புகளை அழித்து இடம் தேட வைத்ததோ!

பல ஆண்டுகள் அந்த வரம்பு 8192ஆக இருந்தது. 2021இல் வந்த 5.11 கர்னல் முதல், கணினியின் நினைவகத்தைப் பொறுத்து அது 10,48,576 வரை உயரும். திட்டத்துக்குத் தேவையான நூலகங்கள் சேரும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறை ஒன்றே ஆயிரக்கணக்கான துணைக் கோப்புறைகளைக் கொண்டிருக்கும். அதோடு எடிட்டர், ஒத்திசைவு மென்பொருள் என்று உங்கள் பெயரில் ஓடும் அனைத்தும் ஒரே வரம்பைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. சிஸ்கன்ட்ரோல் (sysctl) கட்டளையால் மேக்ஸ்-யூசர்-வாட்சஸ் என்ற மதிப்பை உயர்த்தலாம். கண்காணிப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோபைட் கர்னல் நினைவகம் செலவாகும். அதற்கு முன் நோட் மாட்யூல்ஸைக் கண்காணிப்பிலிருந்து விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

கேள்வி: என்எஃப்எஸ் (வேறொரு கணினியின் கோப்புறையை வலைப்பின்னலில் இணைக்கும் முறை) வழியாக இணைத்த கோப்புறையில் செய்தியே வருவதில்லையே? – சென்னை வாசகர்

பதில்: வராது. தன் வழியாக நடக்கும் மாற்றத்தை மட்டுமே உங்கள் கணினியின் கர்னல் அறியும்; இன்னொரு கணினி சர்வரில் எழுதியது அதன் காதில் விழாது. விண்டோஸ் வட்டை, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2இன் உள்ளிருந்து கண்காணித்தாலும் இதே கதைதான். இங்கே போலிங்தான் கதி. வாட்ச்டாக் நூலகத்திலேயே அதற்குத் தனி வகுப்பு இருக்கிறது.

கேள்வி: எங்கள் நிரல் பல மாதங்களாக நன்றாக ஓடுகிறது. ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் கோப்புகள் வந்து குவியும் நாள்களில் சில விடுபட்டுப்போகின்றன. புதிய துணைக் கோப்புறைகளில் முதலில் விழும் கோப்புகளும் அவ்வப்போது தப்பிவிடுகின்றன. செய்தி இழப்பே இல்லாமல் செய்ய வழி உண்டா? – கோவை வாசகர்

பதில்: செய்தி இழப்பைத் தடுக்க முடியாது, கோப்பு இழப்பைத் தடுக்கலாம். செய்திகள் வரிசையில் காத்திருக்கும் இடத்துக்கு எல்லை உண்டு. ஐநோட்டிஃபையில் இயல்பாக 16,384 செய்திகள். ஃபைல்-சிஸ்டம்-வாட்ச்சரில் இயல்பாக 8192 பைட்டுகள். உங்கள் நிரல் எடுப்பதைவிட வேகமாகச் செய்திகள் வந்தால், எல்லைக்கு மேற்பட்டவை கொட்டிப்போகும். லினக்ஸ் இதை ஓவர்ஃப்ளோ என்ற தனிச் செய்தியாகவும், டாட்நெட் எரர் என்ற நிகழ்வாகவும் சொல்கின்றன. உங்கள் நிரலில் அவற்றைக் கவனிக்கும் பகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்பது என் ஊகம். இடையகத்தை, அதாவது செய்திகள் காத்திருக்கும் அந்த இடத்தை, பெரிதாக்குவது சிக்கல் வரும் நாளைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. செய்தியை எடுக்கும் இழை (நிரலுக்குள் தனியாக ஓடும் பகுதி) வேறு வேலை எதையும் செய்யாமல், பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு உடனே திரும்பினால் வரிசை நிரம்புவது வெகுவாகக் குறையும்.

துணைக் கோப்புறைச் சிக்கல் வேறு வகை. புதிய கோப்புறை உருவான செய்தியைப் படித்து அதன்மேல் கண்காணிப்பு இடுவதற்குள், உள்ளே கோப்புகள் விழுந்துவிடுகின்றன. முதலில் கண்காணிப்பை இட்டு, அதன் பிறகு கோப்புறையின் உள்ளடக்கத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் இடைவெளி அப்படியே இருக்கும். இவ்வாறு செய்யும்போது ஒரே கோப்பு இரண்டு வழியாகவும் தெரியவரக்கூடும் என்பதால், ஏற்கெனவே முடிந்த கோப்பு மீண்டும் வந்தால் பேசாமல் கடந்துபோகும்படி நிரலை அமைக்க வேண்டும்.

என் பார்வையில், வரும் செய்தியை நடந்ததன் பதிவேடாக நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. அதை "அந்தக் கோப்புறையைப் போய்ப் பார்" என்ற தூண்டுதலாக மட்டும் கொள்ளுங்கள். என்ன இருக்கிறது என்பதைக் கோப்புறையையே கேளுங்கள். அப்படி எழுதிய நிரலுக்கு இரண்டு செய்திகள் வந்தாலும் ஒன்று வந்தாலும் வேறுபாடில்லை. ஓவர்ஃப்ளோ வந்தால் முழுவதையும் ஒருமுறை படிக்கும். தொடங்கும்போதும் அவ்வாறே படிக்கும், ஏனென்றால் நிரல் நின்றிருந்த நேரத்தில் வந்த கோப்புகளுக்கு ஐநோட்டிஃபை செய்தி வைத்திருப்பதில்லை. மேக்கின் எஃப்எஸ்-ஈவண்ட்ஸ் தன் வரலாற்றை வட்டில் எழுதி வைப்பதால், குறிப்பிட்ட நிகழ்வு எண்ணுக்குப் பிறகு எங்கெங்கே மாற்றம் என்று கேட்க முடியும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் யூஎஸ்என் ஜர்னல் என்ற மாற்றப் பதிவேடு இதே வசதியைத் தருகிறது. இவை இருக்கும் இடத்திலும், அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை முழுச் சுற்று ஓடட்டும்.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. நிரலைக் கன்ட்ரோல்-இசட் விசையால் நிறுத்தி வையுங்கள். கண்காணிக்கும் கோப்புறையில் ஒரு சிறு ஷெல் சுற்றால் 20,000 காலிக் கோப்புகளை உருவாக்குங்கள். பின்னர் எஃப்ஜி கட்டளையால் நிரலை விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டு, வெளியீட்டுக் கோப்புறையில் எத்தனை வந்து சேர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள்.