நன்றிக்கடன் என்று யார் சொன்னது?

கேள்வி: பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய், ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். என் படிப்புச் செலவை அவர்களே ஏற்றார்கள். அதற்கான ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது. சிங்கப்பூர் போகலாமா என்று யோசிக்கிறேன் என்றதும், "படிக்க வைத்த இடத்துக்கு நன்றி வேண்டாமா?" என்று வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் கேட்டார். அன்றிலிருந்து உறக்கமில்லை அக்கா. நான் செய்வது துரோகமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இல்லையம்மா. ஒப்புக்கொண்ட காலம் முழுவதும் உழைத்துக் கொடுத்துவிட்டாய். கடன் தீர்ந்தது.

மேயர், ஆலன் என்ற ஆய்வாளர்கள் 1991இல், ஒருவரை வேலையிடத்தோடு பிணைத்து வைப்பதை மூன்றாகப் பிரித்தார்கள். இடத்தின் மேல் உள்ள பற்று, போனால் நட்டம் என்ற கணக்கு, இருப்பதுதான் முறை என்ற கடமையுணர்வு. ஒப்பந்தம் கட்டிப்போடுவது இரண்டாவதைக் கொண்டுதான். சிஸ்டர் பிடித்துக்கொண்டிருப்பது மூன்றாவதை. முதலாவதைக் கேட்டு வாங்க முடியாது.

அது எப்படி வரும் என்று நான் அனுபவித்திருக்கிறேன். என் அப்பாவின் கருமக்கிரியை நாளில் எனக்கு இரவுப் பணி. விடுப்புக் கேட்கக் கூசி நின்றேன். எங்கள் வார்டு சிஸ்டர், சுவரில் தொங்கிய அட்டவணையில் பென்சிலால் எழுதியிருந்த என் பெயரை அழித்து, அதே கட்டத்தில் தன் பெயரை எழுதினார். அழித்த தடம் அந்த மாதம் முழுவதும் தெரிந்தது. வேறு இடத்தில் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்தார்கள். பதினோர் ஆண்டுகள் நான் நகரவில்லை. அவர் ஓய்வுபெற்றார். அடுத்து வந்தவர் மறுநாள் பணியை முதல் நாள் இரவில் மாற்றிச் சொல்வார். எட்டே மாதத்தில் கிளம்பினேன். கட்டடம் அதேதான், சம்பளமும் அதேதான்.

வேலைப்பளுவையும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா மருத்துவமனைகளில் லிண்டா எய்க்கன் குழு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தாதிக்கு நோயாளி ஒருவர் கூடும்போது, அவர் மனம் சோர்ந்துபோகும் சாத்தியம் 23 விழுக்காடும், வேலையில் அதிருப்தி கொள்ளும் சாத்தியம் 15 விழுக்காடும் கூடியிருந்தன. அந்தச் சோர்வுக்கு நன்றிகெட்டதனம் என்று பெயர் வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிஸ்டரிடம் இரண்டு கேள்வி கேள். இரவில் எத்தனை படுக்கைகள் என் பொறுப்பு? அட்டவணையை எத்தனை நாள் முன்னதாகத் தருவீர்கள்? தெளிவான பதில் வந்தால், இன்னும் சில மாதம் இருந்து பார். மழுப்பினால், சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தில் பதிவுக்கு விண்ணப்பி. அது இல்லாமல் அங்கே தாதியாக வேலை செய்ய முடியாது. அனுமதி கைக்கு வந்த பிறகே விலகல் கடிதத்தைக் கொடு.