மிதமான குளிர்காலம் என்றால் பனி குறையுமா?

வானிலை முன்னோட்டம் இந்தக் குளிர்காலத்தை மிதமானது என்பதால், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்குத் தெற்கே உள்ள ஹாம்பர்க்கில் குடியேறும் நீங்கள் பனி அகற்றும் இயந்திரத்தைத் தவிர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கிவிடுங்கள். அந்த முன்னோட்டம் மூன்று மாதச் சராசரி எந்தப் பக்கம் சாயக்கூடும் என்ற நிகழ்தகவை மட்டுமே தருகிறது. ஏரிப்பனியோ, அருகிலுள்ள ஈரி ஏரி உறையாதிருக்கும்போது அதன் நீளவாக்கில் குளிர்காற்று வீசும் ஓரிரு நாட்களில், ஈரத்தை அள்ளி வந்து குறுகிய பட்டையொன்றில் கொட்டித் தீர்ப்பது. மிதமான ஆண்டில், ஆழம் குறைந்த அந்த ஏரி உறையத் தாமதமாவதால், ஆபத்துக் காலம் நீளவும் கூடும். 2022 நவம்பரில் ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் பகுதிகளில் ஏறத்தாழ 2 மீட்டர் பனி குவிந்தபோது, பஃபலோவின் வடபகுதியில் (பத்துப் பதினைந்து மைல் தொலைவுதான்!) அதைவிட மிகக் குறைவாகவே பெய்தது. நவம்பருக்கு முன்பே இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் உலையின் புகைக்குழாய் வாய் சுவரில் தாழ்வாக இருந்தால், பனி கொட்டும்போது அதை மூடும் பனியை முதலில் விலக்குங்கள்; அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும்.