லண்டன் நாடக டிக்கட்டுக்கு வளையலை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். மகள் லண்டனில் தாதியாக வேலை செய்கிறாள். ஆகஸ்டில் நானும் கணவரும் அவளிடம் மூன்று வாரம் போய் வர இருக்கிறோம். விசாவுக்கு இனித்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணச் செலவை அவளே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். பதிலுக்கு அவளையும் ஏழு வயதுப் பேரனையும் ‘லயன் கிங்’ மேடை இசை நாடகத்துக்கு எங்கள் செலவில் கூட்டிப்போக ஆசை. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. பேஸ்புக்கில் ஒருவர் நான்கு டிக்கட் வைத்திருக்கிறாராம். ஒன்று 45 பவுண், இன்றே வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்கிறார். சீட்டுக் காசு ஜூனில்தான் கைக்கு வரும். வளையலை அடகு வைத்து அனுப்பலாமா?

பதில்: டீச்சர், அந்த ஆளுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். வளையல் கையிலேயே இருக்கட்டும்.

எல்ல ஊருக்குப் போகும் கோச்சிக்கு முற்பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே இருக்கைகள் தீர்ந்துபோவதும், அதே டிக்கட் வெளியில் பல மடங்கு விலைக்கு வருவதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. என் அக்கா குடும்பத்துக்காக நானும் ஒரு தடவை தரகர் ஒருவரிடம் வட்ஸ்அப் படமாக நான்கு டிக்கட் வாங்கினேன். நானுஓயாவில் ஏறிப் பார்த்தால் அந்த இருக்கைகளில் வேறு ஆட்கள், அவர்கள் கையிலும் அதே இலக்கங்கள். பதுளை வரைக்கும் அக்கா நின்றுகொண்டே போனார். அந்தக் காசு திரும்ப வரவேயில்லை. லண்டன் நாடக டிக்கட்டும் இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகிற ஒரு குறியீடுதான். ஒரே குறியீட்டைப் பத்துப் பேருக்கு அனுப்பலாம். வாசலில் முதலில் காட்டுகிறவர் உள்ளே போவார், மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

45 பவுண் என்பது நம்ப முடியாத மலிவு இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ஒரு ஸ்டேர்லிங் பவுணை 400 ரூபா என்று வைத்தால் நான்கு டிக்கட் 72,000 ரூபா. இங்கிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் கணக்குக்கு அவ்வளவையும் போட்டுவிட்டு மீட்பது மிகவும் கடினம். வங்கி அட்டையில் கட்டியிருந்தால், வங்கி மூலம் பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். இன்றே போடுங்கள் என்று அவசரப்படுத்துவதையும் கவனியுங்கள். ஆகஸ்ட் காட்சிக்கு இன்றைக்கே என்ன அவசரம்?

சரி, எங்கே வாங்குவது? லயன் கிங் 1999 முதல் லண்டன் லைசியம் அரங்கில் நடக்கிறது. அந்த நாடகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே வாங்குங்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவதை அழுத்த வேண்டாம். மறுவிற்பனைக்காரர்களின் தளங்களும் அங்கே வரும், கட்டணம் சேர்த்து விலை கூடுதலாக இருக்கலாம். வேறு முகவரிடம் வாங்குவதென்றால் ‘ஸ்டார்’ என்ற டிக்கட் விற்பனையாளர் சங்கத்தில் அவர் உறுப்பினரா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு நல்ல வழி லெஸ்டர் சதுக்கத்தில் உள்ள ‘டி.கே.டி.எஸ்’ கூடம். லண்டன் அரங்குகளின் சங்கமே நடத்துவது, 1980 முதல் இருக்கிறது. அன்றைய காட்சிக்கும் அடுத்த ஓரிரு நாட்களுக்கும் மீதமிருக்கும் டிக்கட்டைக் கழிவு விலையில் தருவார்கள். எல்லா நாடகமும் எல்லா நாளும் கிடைக்காது. பேரன் லயன் கிங்தான் என்று பிடிவாதம் பிடித்தால் இதை நம்பி இருக்க முடியாது. வேறு நாடகமும் சம்மதம் என்றால் ஒரு காலைப் பொழுதைச் செலவழிக்கலாம். அதே சதுக்கத்தைச் சுற்றி அரைவிலை என்று பலகை வைத்த தனியார் கடைகளும் உண்டு, மாறிப் போய்விடாதீர்கள்.

விலையைக் குறைக்க நாள்தான் பெரிய சாவி. ஆகஸ்ட் அங்கேயும் பாடசாலை விடுமுறை, டிக்கட்டுக்குக் கேள்வி அதிகம். சனிக்கிழமையை விட்டுவிட்டு வார நாளில் பாருங்கள். அரங்கு மூன்று தட்டு. உச்சித் தட்டு மலிவு, ஆனால் படிகள் செங்குத்து. உங்களுக்கோ ஐயாவுக்கோ முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள். தொடக்கப் பாட்டில் விலங்குகள் கீழ்த்தளப் பார்வையாளர்களின் நடுவே நடந்துதான் மேடைக்குப் போகும். உச்சித் தட்டிலிருந்து அதில் கொஞ்சம் தவறிப்போகும். என்னைக் கேட்டால், பேரனுக்காக நடுத்தட்டின் பின் வரிசையைத் தேடிப் பார்ப்பேன். ‘பார்வை மறைப்பு’ என்று குறித்த இருக்கையை மட்டும் சின்னப் பிள்ளைக்கு எடுக்க வேண்டாம், தூண் மறைத்தால் எட்டிப் பார்க்க அவனுக்கு உயரம் போதாது.

இப்போது உங்கள் காசுக்கு வருவோம். டிக்கட் வாங்கினால் பொதுவாகப் பணம் திரும்பாது. ஆகவே விசா கைக்கு வருமுன் வாங்கவே கூடாது. அது வருவதற்குள் சீட்டும் ஜூனில் விழுந்துவிடும், அடகு வட்டிக்கு வேலையே இல்லை. சீட்டுக் காசில் நாடகத்துக்கு என்று ஒரு தொகையை முதலே ஒதுக்குங்கள். 70,000 என்றால் 70,000, அங்கே போன பிறகு அதை ஏற்ற வேண்டாம்.

அப்புறம், மகளுக்குச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துச் சந்தோஷப்படுத்தும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அவளுக்கு நைட் டியூட்டி விழுகிற நாளில் டிக்கட் எடுத்துவிட்டால் என்ன செய்வது? அவள் தன் அட்டையில் பவுணில் கட்டினால் நம் வங்கிகள் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குச் சேர்க்கும் கட்டணமும் மிச்சம். நீங்கள் இங்கேயே வங்கியில் முறைப்படி பவுண் மாற்றிக் கொண்டுபோய் அவள் கையில் கொடுங்கள். இங்கிருந்து உங்கள் அட்டையில்தான் கட்டுவீர்கள் என்றால், ரூபாவிலா பவுணிலா என்று தளம் கேட்கும்போது பவுணைத் தெரிவு செய்யுங்கள். ரூபாவுக்கு அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம்.

நான்கு டிக்கட்டுக்கும் தொகை போதாமல் போனால் இரண்டு எடுங்கள். நீங்களும் பேரனும் உள்ளே போங்கள். மகளும் ஐயாவும் அந்த இரண்டரை மணி நேரம் தேம்ஸ் கரையில் நடந்துவிட்டு வரட்டும், அரங்கிலிருந்து நடக்கிற தூரம்தான்.