லயத்துக்குள் போக துரையின் கடிதம் போதுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பல்கலைக்கழக ஆய்வு பற்றித்தான். இறுதி ஆண்டுப் பிள்ளைகள் வினாக்கொத்தோடு மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கும் காலம், அதனால் இருக்கலாம். ஐந்தை எடுத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு இடம் கூடுதலாகப் போய்விட்டது, மற்றவற்றின் வேரும் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: கொழுந்து பறிக்கும் தாய்மாரின் இரத்தசோகை பற்றி ஆய்வு செய்கிறேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். தோட்டத்தை நடத்தும் துரையிடம் கடிதம் வாங்கிவிட்டேன். "மடுவத்துக்கு வாங்க, கொழுந்து நிறுக்கிற நேரம் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கித் தாரேன்" என்றார் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. எழுபது பேர் கையெழுத்து வைத்தார்கள். ஒரு அக்கா மட்டும் "இது வீட்டு லிஸ்டுக்கா பிள்ளை?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டு வந்தேன். இன்னும் இரத்தம் எடுக்கவில்லை. நான் செய்தது பிழையா?
மாணவி, பொகவந்தலாவை

பதில்: பிழைதான், தங்கச்சி. நல்லவேளை, இரத்தம் எடுக்கும் முன்பே கேட்டுவிட்டீர்கள், இன்னும் திருத்தலாம்.

துரையின் கடிதம் தோட்டத்துக்குள் கால் வைக்க மட்டும்தான். அந்த அக்காவின் உடம்பைப் பற்றிக் கேட்கவும் விரல் நுனியில் ஊசி குத்தவும் அனுமதி தரக்கூடியவர் அந்த அக்கா ஒருவர்தான். மடுவத்தை நினைத்துப் பாருங்கள். தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் இன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் சம்பளமா பாதியா என்று எழுதப்போகிறவர், அவரே தாளை நீட்டினால் "எனக்கு விருப்பமில்லை" என்று எந்தப் பெண் சொல்வார்? வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று கணக்கெடுக்க முடியாது.

அப்புறம், நம் மலையகத் தமிழ்ச் சனத்துக்குக் கையெழுத்து என்றால் என்ன என்பதையும் மறக்கக்கூடாது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது, 1949 சட்டத்தின் கீழ் அதைக் கேட்டு விண்ணப்பம் போட்டவர்களில் ஏராளமானவர்கள் நிராகரிக்கப்பட்டார்கள், இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டு நாடுகளுக்குப் பிரித்தது, மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமைக்காக 2003வரை காத்திருப்பு. எந்தப் படிவம் எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்று தெரியாமலே கைநாட்டு வைத்த குடும்பங்கள் நாங்கள். அதனால்தான் அந்த அக்கா அப்படிக் கேட்டார். வீடு கிடைக்கும் என்று நம்பி அவர் கையெழுத்து வைத்திருந்தால், அவர் சம்மதித்தது வீட்டுக்கு, உங்கள் ஆய்வுக்கு அல்ல.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்ததைப் படித்திருப்பீர்கள். சிஃபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்கள், பெரும்பாலும் பருத்திக் காட்டு ஏழைகள். "கெட்ட இரத்தத்துக்கு" வைத்தியம் என்று சொல்லி, சாப்பாடும் அடக்கச் செலவும் கொடுத்து, பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் வைத்து, நோய் எப்படி முற்றுகிறது என்று மட்டும் பார்த்தார்கள். நடத்தியது அரசின் சுகாதாரத் துறையேதான். அது வெளியே வந்த பிறகுதான், மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறி வகுத்த பெல்மண்ட் அறிக்கை 1979இல் வந்தது, இன்று உங்கள் பீடத்து ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு அதுவும் ஒரு மூலம். உங்கள் ஆய்வை அதோடு ஒப்பிடவில்லை. ஏழையிடம் போய் உண்மையைப் பாதி சொல்வது எங்கே கொண்டு போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அந்த எழுபது தாளையும் ஒதுக்கி வையுங்கள். மேற்பார்வையாளரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், குழுவுக்கும் அறிவியுங்கள். பிறகு லயத்துக்குப் போங்கள், வேலை முடிந்து வந்து அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில் அல்ல, அவர்கள் சொல்லும் நேரத்தில். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது, தோட்டக் கந்தோரோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்கட்டும். வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள்: இதனால் வீடோ நிவாரணமோ வேலையோ கிடைக்காது, வேண்டாமென்றால் ஒன்றும் ஆகாது, யார் மறுத்தார் என்று துரைக்குச் சொல்ல மாட்டேன், பாதியில் நிறுத்தலாம், இரத்தம் குறைவாக இருந்தால் எங்கே போக வேண்டும் என்று நானே சொல்வேன். அன்றைக்கே கையெழுத்துக் கேட்காமல் தாளைக் கொடுத்துவிட்டு மறுபடி போங்கள். எழுபது நாற்பத்தைந்தாகக் குறையலாம், குறைந்தால் அப்படியே எழுதுங்கள். இன்னொன்று, தோட்டத்துப் பிள்ளை என்பது உங்களுக்கு வசதிதான், ஆனால் "நம்ம பிள்ளை கேட்குதே" என்று மறுக்க முடியாமல் போகிறவர்களும் இருப்பார்கள், அவர்களிடம் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

கேள்வி: பேட்டி கொடுத்தவர்களின் பெயரை எடுத்துவிட்டு அ, ஆ என்று போட்டால் போதும்தானே?
மாணவர், ஹப்புத்தளை

பதில்: கொழும்பில் போதுமாக இருக்கலாம், தோட்டத்தில் போதாது. இதை நான் பட்டு அறிந்தேன். என் பட்டப்படிப்பு ஆய்வில், கணவரின் குடியைப் பற்றிப் பேசிய ஒருவரை "ஐந்து பிள்ளைகளின் தாய், கீழ் டிவிசன் (தோட்டப் பிரிவு), கடைசிக் காம்பிரா (லயத்து அறை)" என்று எழுதினேன், பெயர் போடவில்லை. ஆய்வேட்டின் ஒரு பிரதியை நன்றிக்கடனாகத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் லயம் முழுக்க அது யார் என்று தெரிந்துவிட்டது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, அடுத்த முறை போனபோது கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். இன்றும் அந்தக் கதவு கண்ணுக்குள் நிற்கிறது. டிவிசன், பிள்ளைகளின் எண்ணிக்கை, காம்பிரா இருக்கும் பக்கம் எல்லாவற்றையும் மங்கலாக்குங்கள், தேவைப்பட்டால் தோட்டத்தின் பெயரையே எடுத்துவிடுங்கள். உடல்நலத் தகவலென்றால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைச் சிறப்பு வகைத் தரவாகவே பார்க்கிறது.

கேள்வி: நூறு வினாக்கொத்துகள் வேண்டும். மண்சரிவால் பாதை மூடிக்கிடந்தது, பதினெட்டை நானும் நண்பனும் போர்டிங்கில் இருந்தே நிரப்பிவிட்டோம். எல்லாரும் செய்வதுதானே?
பெயர் வேண்டாம்

பதில்: பதினெட்டையும் எடுத்துவிடுங்கள், எண்பத்திரண்டு என்று எழுதுங்கள், பாதை மூடியதையும் எழுதுங்கள். இட்டுக்கட்டுவது, தரவைத் திரிப்பது, கருத்தைத் திருடுவது, இந்த மூன்றையும் ஆய்வுலகம் எங்கேயும் மன்னிப்பதில்லை. உங்கள் தலைப்பு மலசலகூட வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போர்டிங்கில் இருந்து "உண்டு" என்று அடையாளமிட்ட ஒரு லயத்தில் உண்மையில் இல்லையென்றால், அந்த அட்டவணையைப் பார்த்து யாரோ ஒரு அதிகாரி அடுத்த தோட்டத்துக்குப் பணத்தை ஒதுக்கிவிடுவார். மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே போகப்போவது ஒரு சின்னப் பிள்ளை.

கேள்வி: என் கட்டுரையில், ஒரு வரியும் எழுதாத இன்னொரு விரிவுரையாளரின் பெயரையும் போடச் சொல்கிறார் மேற்பார்வையாளர். எப்படி மறுப்பது?
முதுகலை மாணவி, கண்டி

பதில்: மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த அளவுகோல் நான்கு: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுவதற்கும் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். "சேர், இதழ் ஒவ்வொருவரின் பங்கையும் எழுதித் தரச் சொல்கிறது, அவருக்கு நான் என்ன எழுதட்டும்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்காதீர்கள்.

கேள்வி: போன வருசம் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் மகனின் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரவில்லை. இப்போது வேறொரு குழு வந்திருக்கிறது. நான் மறுத்தால் பிள்ளைக்குப் பிரச்சினை வருமா?
ஒரு தாய், டிக்கோயா

பதில்: மறுக்கலாம் அம்மா, காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. அதிபர் சம்மதித்தாலும் உங்கள் சம்மதம் தனியாக வேண்டும், பிள்ளையிடமும் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பழங்குடியினரான சான் மக்கள் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் தேடிப்போன சமூகம், எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வராததைப் பார்த்துச் சலித்து, 2017இல் அவர்களே ஆய்வாளர்களுக்கு நெறிமுறை எழுதினார்கள்: மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறையாக வந்து கேட்பது. உங்கள் மாதர் சங்கமும் கோயில் கமிட்டியும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் அப்படி எழுதிவிடலாம், நான் உதவத் தயார்.

இப்போது வந்திருப்பவர்களிடம் எந்தப் பல்கலைக்கழகம், மேற்பார்வையாளர் யார், மீளாய்வுக் குழுவின் அனுமதி இலக்கம் என்ன, முடிவை எப்போது தமிழில் தருவீர்கள் என்று கேளுங்கள். கையெழுத்து வைத்தால் அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன வருசக் குழுவின் விவரம் பள்ளிக்கூடத்தில் இருக்கும், அதை வாங்கி அந்தப் பீடாதிபதிக்கு ஒரு கடிதம் போடுங்கள், மகனின் பெயர், வகுப்பு, இரத்தம் எடுத்த நாள் மூன்றும் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, சிட்டையைக் கவனமாக வைத்திருங்கள்.