போஹர் ஊர்ப் பெயர் இல்லை, தம்பி

டப்ளினுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, எந்தப் பலகையைப் பார்த்தாலும் 'போதார்' என்று இருக்கிறது, அது எந்த ஊர் என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. அது ஊர் இல்லை. ஐரிஷ் மொழியில் சாலை என்று பொருள். 1937 அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் இங்கே முதல் ஆட்சிமொழி. அதனால்தான் பலகையில் அது மேலே, ஆங்கிலம் கீழே. 'போஹர்' என்று சொல்லுங்கள். டி, ஹெச் இரண்டும் சேர்ந்தால் 'ஹ' ஒலிதான்.

'போ' என்றால் பசு. நம் 'போ'வுக்கும் இதற்கும் உறவில்லை. ஆக, போஹர் என்பது முதலில் மாடு போகிற வழி. 908-இல் இறந்த கார்மக் என்ற அரசரின் பெயரில் வழங்கும் பழைய சொல்லகராதி இதற்கு அளவே சொல்கிறது: ஒரு பசு நீளவாக்கிலும் இன்னொன்று குறுக்காகவும் நிற்க இடம் வேண்டும், கன்றுகளும் கூட வர வேண்டும். சின்னச் சாலை 'போரீன்'. இருபுறமும் வேலி அடைத்த ஒரு போரீனில் முதன்முதலாக நடந்தபோது எங்கள் கொங்குப் பக்கத்து இட்டேரியேதான் என்று நின்றுவிட்டேன்.

இலக்கணத்தில்தான் நீங்கள் குழம்பியிருப்பீர்கள். இது ஆண்பால் சொல், பன்மை 'போஹ்ரெ'. நாம் சாலையில், சாலையின் என்று வாலை மாற்றுவோம். இங்கே தலையும் மாறும். 'சாலையில்' என்பது 'எர் அன் மோஹர்'. பி எழுத்து அப்படியே இருக்கும், முன்னால் ஒரு எம் வந்து அதை ஊமையாக்கிவிடும். 'சாலையின்' என்றால் பி-க்குப் பின் ஹெச் சேர்ந்து 'வோஹிர்' ஆகிவிடும், கடைசி அசையும் மெலியும். இது தெரியாமல் அகராதியில் எம் வரிசையில் தேடினால் கிடைக்காது. எம்மை நீக்கிவிட்டு பி-யில் பாருங்கள்.

டார்ட் ரயிலில் தெற்கே போனால் பூட்டர்ஸ்டவுன் நிலையம் வரும். அதன் ஐரிஷ் பெயர் 'பாலே அன் வோஹிர்', சாலையின் ஊர். ஆங்கிலக்காரர் காதில் போஹர்தான் 'பூட்டர்' ஆனது. நகருக்குள் ஸ்டோனிபேட்டரில் அதே சொல் 'பேட்டர்'. ஐரிஷில் அது கற்சாலை. உங்கள் தெருப் பலகையில் போஹருக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.