காவடி நோட்டீஸில் சாய்ந்த எழுத்து

அன்புள்ள ஐயா,

எங்கள் கோவிலின் தைப்பூசக் காவடி நோட்டீஸை இந்த முறை நான்தான் கணினியில் செய்தேன். தலைப்பு மேலே பிரெஞ்சில், கீழே தமிழில். பிரெஞ்சுக்குத் தடித்த, சாய்ந்த சான்ஸ் செரிஃப் (முனைகளில் கொசுறுக் கோடு இல்லாத) எழுத்துரு போட்டேன், கம்பீரமாக இருந்தது. தமிழையும் அப்படியே போல்டாக்கிச் சாய்த்தேன். எழுத்து கீழே விழப்போகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள் பெரியவர்கள். எனக்கும் ஏதோ உறுத்துகிறது, என்னவென்று பிடிபடவில்லை.

க., ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்புள்ள க.,

படத்தைப் பார்த்தேன். பெரியவர்கள் சொல்வது சரிதான். பிரெஞ்சு வரியில் இருப்பது ஒருவர் உட்கார்ந்து வரைந்த சாய்வு, தமிழ் வரியில் இருப்பது கணினி பிடித்துத் தள்ளிய சாய்வு.

ஒரு வட்டத்தை வலப்பக்கம் தள்ளினால் அதன் மேல் வலது மூலையும் கீழ் இடது மூலையும் பருத்துவிடும், மற்ற இரண்டு மூலைகளும் மெலிந்துவிடும். மெல்லிய எழுத்தில் இது கண்ணில் படாது, போல்டில் அப்பட்டமாகத் தெரியும். அதனால்தான் நல்ல வடிவமைப்பாளர் சாய்த்த கையோடு விடாமல் ஒவ்வொரு வளைவையும் மறுபடி திருத்துவார். நம் எழுத்தோ முக்கால்வாசி வளைவு. ண, ஞ, ஐ மூன்றையும் உங்கள் நோட்டீஸில் பாருங்கள், உள்ளே வெளிச்சமே இல்லை. அப்புறம் புள்ளி. 'பக்தர்கள்' என்ற சொல்லில் க்-இன் புள்ளி நகர்ந்து 'த'வின் தலையை எட்டிப் பார்க்கிறது, ர்-இன் புள்ளி 'க'வை நோக்கிப் போகிறது. உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சு எழுதுகிற லத்தீன் எழுத்துக்கு இட்டாலிக் என்கிற சாய்வெழுத்து கையெழுத்திலிருந்து வந்தது. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் என்கிற அச்சகக்காரர் ஒரு முழுப் புத்தகத்தையே அதில் அச்சிட்டார், எழுத்தை வெட்டித் தந்தவர் கிரிஃபோ. பிறகு நூற்பெயருக்கும் அயற்சொல்லுக்கும் அது வழக்கமானது. தமிழ் அச்சில் அந்த வேலையை மேற்கோள்குறியோ தடித்த எழுத்தோ பார்த்துக்கொள்கிறது.

தடித்த சாய்வு எழுத்து எனக்குப் பிடிக்காது என்றில்லை. ஃபுட்பால் ஜெர்சி, தள்ளுபடி போர்டு, பஸ்ஸின் பக்கவாட்டு என்று நாலைந்து சொல்லைப் பெரிதாகப் போடுகிற இடத்தில் அதற்கு நிகர் கிடையாது. 1812இலிருந்து குதிரை ஓடுகிற நம் போர்ட் லூயிஸ் பந்தயத் திடல் ஷாம்ப் தெ மார்ஸில் யாராவது பலகை வைத்தால் நானே அதைத்தான் சொல்வேன், குதிரைமேல் இருப்பவரே அப்படித்தானே சாய்ந்திருக்கிறார். காவடி எடுப்பவர் வெயிலில் அடிமேல் அடி வைத்து வருகிறவர், அவருக்கு எதற்கு அந்த வேகம்?

தமிழை நேராக நிறுத்துங்கள். போல்டு இருக்கட்டும், எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடாத அளவுக்கு ஒரு படி குறைத்து. வரிகளுக்கிடையே கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள், மேலே புள்ளியும் கீழே 'கு', 'து'வின் வாலும் மோதக்கூடாது. பிரெஞ்சு சாய்ந்தே இருக்கலாம், ஆனால் பூஜை நேரம், அன்னதானம் என்று கீழே வரும் பொடி எழுத்தில் இரண்டு மொழியிலுமே சாய்வு வேண்டாம். அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு தாளைச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள்.

தமிழ் ஏன் பிரெஞ்சுக்குக் கீழே என்று நான் கேட்கப்போவதில்லை, பெரியவர்கள் கேட்பார்கள். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழின் வரிசை மாறியதற்கே அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கி வேறு அச்சடிக்க வைத்த ஊர் இது.