வலது கை மை

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். வயது 36. சம்பளம் பேங்க்கில் ஏறிவிடும். ஏடிஎம் கார்டு வீட்டுக்காரரிடம் இருக்கிறது, அக்கவுண்டுக்கும் அவர் போன் நம்பர்தான் கொடுத்திருக்கிறோம். அவர் நல்லவர்ங்க, கேட்டால் கொடுப்பார். போன வருடம் அண்ணன் கூப்பிட்டு, ஊர் நிலத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார், போட்டுவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்ஐபி, தங்கம் என்று பேசும்போது பயமாக இருக்கிறது. பண விஷயத்தில் தைரியம் வர என்ன படிக்கலாம்? நகை வாங்கலாமா, மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலீட்டுக் கேள்விகளுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அம்மாவின் பித்தளைத் தவலையைப் பரணிலிருந்து இறக்கியிருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

கேட்டதை முதலில் முடித்துவிடலாம். மியூச்சுவல் ஃபண்ட் பற்றி எனக்கு உங்கள் அளவுக்குக்கூடத் தெரியாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த ஆலோசகரைக் கேளுங்கள், வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். நகை, போட்டுக்கொள்ள ஆசை இருந்தால் வாங்குங்கள். சேமிப்பு என்று சொல்லி வாங்காதீர்கள், செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது. புத்தகம் எதுவும் வேண்டாம். கம்பெனிக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவருக்கு எதற்குப் புத்தகம்?

விடுதலைப் பத்திரம் பற்றித் திட்ட மனம் வரவில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆனது. அறுபது வருடம். டெல்லி அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது 2005இல். அத்தனையும் அண்ணன் வீட்டுக் காபி ஆறுவதற்குள் போயிருக்கிறது. பத்திர நகலை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

என்னை உறுத்துவது அந்த போன் நம்பர்.

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த மறுநாள், அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். தவலைக்குள் பருப்பு மூட்டை, அதற்கு அடியில் மஞ்சள் துணிப்பை. நோட்டுகளை நான்காக மடித்து, பால் பாக்கெட்டோடு வரும் ரப்பர் பேண்டைப் போட்டிருந்தாள். பெருங்காய வாசனை. எண்ணினோம், 41,500. முருங்கைக்காய் விற்றது, பழைய பேப்பர் போட்டது, நான் மாதாமாதம் கையில் திணித்தது. சிறுவாடு.

“ஒங்கப்பாட்ட சொல்லிறாதடா. நானே வரிசையில நின்னு கொஞ்சங் கொஞ்சமா மாத்திக்கிறேன்.”

நின்றாள். நாலரை மணி நேரம். 4,500 ரூபாய் மாற்றிக் கொடுத்து, திரும்ப வராமலிருக்க விரலில் மை வைத்து அனுப்பினார்கள். ஓட்டுப் போட்டால் இடது கையில்தானே வைப்பார்கள், இது வலது கை ஆள்காட்டி விரல். இரண்டு நாளில் 4,500ஐ 2,000 ஆகக் குறைத்தும் விட்டார்கள். மிச்சம் 37,000. “போதும்மா, முட்டி வலிச்சுக்கிட்டு நிக்காத, அப்பா அக்கவுண்ட்ல போட்டுரலாம்” என்றேன். அம்மா பேரில் கணக்குக் கிடையாது. சிலிண்டர் மானியம்கூட அப்பா பேரில்தான் வரும். பழைய நோட்டைக் கணக்கில் கட்ட டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. அவள் பேரில் ஒரு கணக்குத் தொடங்கியிருக்கலாம். பட்டம் வாங்கி, நாலு புத்தகம் எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை. சலானை நிரப்பி, கட்டிவிட்டு வந்தவன் நான்.

அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. “வீட்டுக்குள்ளயே பேங்க் நடத்திருக்கா பாரு” என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னார். தை மாதம் போர் மோட்டார் காயில் போனபோது அந்தப் பணத்தை எடுத்துக் கட்டினார். நல்லவர்தான். கேட்டால் கொடுத்திருப்பார். அம்மா கேட்கவில்லை. அப்போது அவள் நகத்து மைகூட முழுசாகப் போயிருக்கவில்லை.

அந்த மாதங்களில் சிறுவாடு பற்றி எத்தனை ஜோக். பட்டிமன்ற மேடைகளில் நம் தாய்மார்களின் சாமர்த்தியம் என்று இன்னும் கைதட்டல் வாங்குகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். சொந்த வீட்டில் பருப்புக்கு அடியில் எதற்கு ஒளித்தாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. தவலையில் இருந்தவரை அது அம்மா பணம், பேங்க்குக்குப் போனதும் அப்பா பணம்.

ஏம்மா, அவளுக்காவது ஒளித்து வைக்கத் தவலை இருந்தது. உங்களுக்கு அதுவும் இல்லையே? மாதம் முழுக்க நீங்கள் உழைக்கிறீர்கள், சம்பளம் ஏறிய மெசேஜ் அவர் சட்டைப்பையில் சத்தம் போடுகிறது. ஓடிபியும் அங்கேதான். கார்டு தொலைந்தாலும், எவனாவது பணத்தை எடுத்தாலும், உங்களுக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். இதில் எஸ்ஐபி போட்டால் அதற்கான மெசேஜும் அவருக்குத்தான் போகும்.

எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒருத்தர். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்ததிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வருகிறது. படிக்கத் தெரியாது. மெசேஜ் வந்ததும் பட்டன் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். “எவ்ளோ இருக்குன்னு பாருங்க சாமி.” இருப்புத் தொகையைச் சொன்னால், மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, “சரியாத்தான் இருக்கு” என்பார். பேங்க் கணக்கைத்தான் சரிபார்க்கிறார்.

வீட்டுக்காரரோடு சண்டை போடச் சொல்லவில்லை. பாஸ்புக், ஆதார் எடுத்துக்கொண்டு பேங்க்குக்குப் போய் நம்பரை மாற்றுங்கள். கார்டின் ரகசிய எண்ணையும் மாற்றிவிடுங்கள். நாமினி யார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள், கல்யாணத்துக்கு முன்பு தொடங்கிய கணக்கு என்றால் யார் பேர் இருக்கிறதோ. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை பேங்க் கிடையாது, பார்த்துப் போங்கள். வேண்டுமானால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கட்டும்.

மெசேஜ் வந்ததும் எழுதுங்கள்.